ஒன்பதாம் பாகம், இரண்டாம் ஆட்டம்

பெயர்கள் மேலே ஏறத் தொடங்கியபோது
யாரும் எழவில்லை.
ஒருவன் விசிலடித்தான்,
பாதியில் நிறுத்திக்கொண்டான்,
தப்பான வீட்டுக் கதவைத் தட்டியவன் போல.

இருபத்திரண்டு வருடம்.
முதல் பாகத்துக்கு எனக்கு அரை டிக்கெட்.
இப்போது செக்காலை ரோட்டில்
செல்போன் பழுது பார்க்கிறேன்,
நெற்றி மேலே போய்க்கொண்டிருக்கிறது.

வண்டி நிறுத்துமிடத்தில்
மெய்யர்தான் ஆரம்பித்தான்.
"தூ! இதுக்கா இத்தனை வருசம்?
ஏழாம் பாகத்துல நட்சத்திரத்தையே அணைச்சவ
கடைசியில ஒரு கதவத் திறக்கத் தெரியாம சாகுறா."

ஷாகுலுக்குக் கண் சிவந்திருந்தது.
தூசி என்றான்.
ஏசி அரங்கில் ஏது தூசி என்று
யாரும் கேட்கவில்லை.

சிகப்பிக்கு மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை.
கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"அந்த பேட்டரிய வச்சுக்கிட்டு
அந்தக் கப்பல் திருமயம் தாண்டாது.
ஆனா சண்டை நல்லாருந்துச்சு."

தேனப்பனுக்கு அரண்மனைதான் பிரச்சினை.
"பேரரசனோட அரண்மனையாம்!
எங்க பங்காளி வீட்டு இரண்டாங்கட்டு
இதவிடப் பெருசுடா.
ரெண்டு தூணு, நாலு சிப்பாய்,
மிச்சமெல்லாம் பச்சைத் துணி."
முதல் பாகத்திலிருந்தே இதைத்தான் சொல்கிறான்.
ஒரு பாகத்தையும் விட்டதில்லை.

என் குறை வேறு.
சொன்னால் சிரிப்பார்கள்.

குரல்.
எட்டுப் பாகமும் அந்த வில்லனுக்குத்
தமிழ் பேசியவர் இதில் இல்லை.
யாரென்று தெரியாது,
எந்தப் பாகத்திலும் அவர் பெயர் போட்டதில்லை.
"அழிவு" என்று அவர் சொல்லும்போது
ழகரம் கொஞ்சம் நின்று போகும்.
நாற்காலிக்கு அடியில் ஏதோ ஊரும்,
காலைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.
புதியவர் நன்றாகத்தான் பேசினார்,
கடன் கிடையாது என்று சொல்லும்
வங்கி மேலாளரின் திருத்தத்தோடு.
அழிவு வந்தது.
என் கால் தரையிலேயே இருந்தது.

அசலில் அவன் குரல் எப்படி என்று
கேட்டதில்லை. கேட்கப்போவதுமில்லை.
எனக்கு அவன் தமிழில்தான் கெட்டவன்.

ஐந்து விளக்குப் பக்கம்
ஒரே ஒரு கடையில் கல் இன்னும் சூடாயிருந்தது.
"படம் எப்படித் தம்பி?"
ஐந்து பதில்கள் ஒரே நேரத்தில்.
"அப்ப நல்லாத்தான் இருக்கும்"
என்று சால்னாவை ஊற்றினார்.

இரண்டாவது பரோட்டாவில் சண்டை முற்றியது.
"நீ அழுதே" என்றான் மெய்யர்,
திருட்டைக் கண்டுபிடித்த தொனியில்.
"ஆமா, அழுதேன்.
நீ படமே பாக்கல,
உக்காந்து குறையை எண்ணிக்கிட்டிருந்தே."

பிறகு தட்டில் விரல் உரசும் சத்தம் மட்டும்.
எப்போதும் மூன்று பேராய்ப் போகிற ஸ்கூட்டர்
மெய்யரை மட்டும் ஏற்றிக்கொண்டு
கழனிவாசல் பக்கம் திரும்பியது.
ஷாகுல் நடந்தே போனான்.
வானத்தில் நட்சத்திரம் இருந்ததா
என்று யாரும் பார்க்கவில்லை.
நாளைக்கு வரிசையாய் நிற்க
எந்தப் பாகமும் மிச்சமில்லை
என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.
சட்டையில் சால்னா கொட்டியதைப்
பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலைக் காட்சி.
கடைக் கதவில்
"பத்து நிமிடத்தில் வருகிறேன்" அட்டை.
அரங்கில் இருபது பேர் இருக்கலாம்,
அதில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.
மூன்றாம் வரிசையில் ஒரு பின்மண்டை.
வலது காது மட்டும் சற்று வெளியே.

கூப்பிடவில்லை.
இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தேன்.
பாப்கார்ன் பையைக்கூடச் சத்தமில்லாமல் பிரித்தேன்.

அவள் வருகிறாள்.
கப்பல் உடைந்துகொண்டிருக்கிறது,
இருமுனையிலும் நெருப்பு.
புதிய குரல் திருத்தமாக மிரட்டுகிறது.
அவள் கதவை நெருங்குகிறாள்,
கையை வைக்கிறாள்.

மெய்யரின் கை
நாற்காலிக் கைப்பிடியிலிருந்து எழும்பி
இருட்டில், இடப்பக்கமாக,
மெல்லத் திருகுகிறது.