இருநூற்றுப் பதினொரு கிலோமீட்டர்

சாவியைக் கொடுக்கும்போது மாக்னுஸ்
எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
"கதவைத் திற, கையை மட்டும் விடாதே" என்றான்.
ஃபாரோ தீவுகளில் கார் வாங்குகிறவர்களுக்கு
பாடம் அவ்வளவுதான்.
போன குளிர்காலம் காற்று பிய்த்த கதவுகளில்
மூன்றை அவனே மாற்றினானாம்.
நான்காவது கிடைக்கவேயில்லை.
கடல் வைத்துக்கொண்டது.

கடுகு மஞ்சள்.
நான் கேட்டது சாம்பல் நிறம்,
அதற்கு ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.
வானம், பாறை, சாலை,
நான் மீன் வெட்டும் தொழிற்சாலையின் சுவர்,
இருக்கிற சாம்பலே போதுமென்று
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மூன்றே சிலிண்டர்.
சும்மா நிற்கும்போது
கோப்பைக் குழியில் கிடக்கும் சில்லறை
தனக்குள் பேசிக்கொள்கிறது.
கிளட்ச் மிக மேலே வந்துதான் பிடிக்கிறது.
முதல் நாள் படகுத்துறைச் சரிவில்
மூன்று முறை அணைந்துபோனது.
பின்னால் நின்ற பால் வண்டி ஹாரன் அடிக்கவில்லை.
அடித்திருந்தால் தேவலை.

இரண்டாம் கியர் சமர்த்து.
மூன்றாவது, ஏற்றம் கண்டால் யோசிக்கிறது.
யோசிக்கட்டும்,
அந்த வளைவில் நடந்து போனால்
எனக்கும் மூச்சு வாங்கும்.

மழை வந்தால் தானாக ஓடும் வைப்பராம்.
எது மழை, எது அலைச்சாரல், எது மேகம் என்று
இங்கேயே பிறந்த எனக்குத் தெரியாது,
அதற்கு எப்படித் தெரியும்?
வெயிலில் வெறித்தனமாக ஆடிவிட்டு
அடைமழையில் கைகட்டி நிற்கிறது.

இருபத்திரண்டு வருடம் இதே சாலையில் போயிருக்கிறேன்,
பார்டுரின் ஜீப்பில், வலப்பக்க இருக்கையில்.
வலப்பக்கத்து ஒவ்வொரு ஓடையும்
ஒவ்வொரு ஆட்டுப் பட்டியும் மனப்பாடம்.
இடப்பக்கம் இவ்வளவு கடல் இருந்தது
இந்த வாரம்தான் தெரிந்தது.
பிரிந்தபோது ஜீப் அவனுக்கு,
உருளைக்கிழங்குப் பாத்தி எனக்கு.

அந்தப் பாத்தியில் விளைந்த ஒரு மூட்டையை
சுன்னிவாவுக்குக் கொண்டுபோனேன்.
பக்கத்து இருக்கையில் வைத்ததும்
டிங் டிங் டிங்.
ஆள் உட்கார்ந்திருக்கிறதாம்,
பெல்ட் போடவில்லையாம்.
ஐந்து கிலோமீட்டர் பொறுத்துப் பார்த்தேன்.
பிறகு ஓரமாக நிறுத்தி
கிழங்குக்கு பெல்ட் மாட்டினேன்.
கார் சமாதானமானது.

பழைய சுரங்கப்பாதை ஒற்றை வழி.
ஒதுங்கும் குழிகள் என் பக்கம்,
எனவே ஒதுங்க வேண்டியவள் நான்.
தூரத்தில் வெளிச்சம் தெரிந்தால்
"இதிலேயே ஒதுங்கு" என்று நான் கத்துவதும்
"இன்னும் ஒன்று போகலாம்" என்று பார்டுர் மிதிப்பதும்
எங்கள் இல்லறத்தில் பாதி.

அன்றும் தூரத்தில் ஒரு வெளிச்சம்.
கத்த யாருமில்லை.
முதல் குழியிலேயே நுழைந்து நின்றேன்.
வெளிச்சம் வரவில்லை.
பாறையிலிருந்து கூரையில் சொட்டியது,
சில்லறை முணுமுணுத்தது,
இன்னும் இரண்டு குழி தாண்டியிருக்கலாம்,
மூன்றுகூட.
கிழங்கு மூட்டை எதுவும் சொல்லவில்லை.

கடைசியில் வந்தது டிராக்டர்.
ஒரே விளக்கு. பின்பெட்டியில் ஈர நாய்.
ஓட்டியவர் யாரோ,
ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார்,
இங்கே எல்லோரும் தூக்குவது போல.
நானும் தூக்கினேன்.
வலப்பக்க இருக்கைக்காரிக்கு
அந்த விரல் என்றும் வந்ததில்லை.

சுன்னிவா வீட்டு முன்னால் நல்ல காற்று.
இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இறங்கி,
முதுகால் அதைச் சாத்தி,
சுற்றிப்போய் மறு கதவையும் இடுப்பால் தாங்கி
மூட்டையை இழுத்தேன்.
வரவில்லை.
இன்னும் பலமாக இழுத்தேன்.

பெல்ட்.