எழுபத்தொன்பதாவது சுற்று

முதலில் தூசி என்றோம்.
சைக்கிள் சங்கிலி கழுவும் மண்ணெண்ணெயில்
சூரியக் குடும்பத்தையே முக்கியெடுத்து
பழைய பனியனில் துடைத்து மாட்டினோம்.
ஒரு வாரம் ஒழுங்காய் ஓடிற்று.
கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம்
பத்துப் பத்து ஆண்டாய்ச் சுற்றிக் காட்டினேன்.
பிறகு ஒரு சனிக்கிழமை
செவ்வாய் நின்றது.
செவ்வாய் நின்றால் எல்லாம் நிற்கும்.
கைப்பிடி என் உள்ளங்கையில்
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.
கொஞ்சம் பின்னிழுத்து உந்தினால் தாண்டும்,
ஒன்றுமே நடக்காததுபோல.

ஹார்லிங்கன் துறைமுகத்துப் பின்தெருவில்
நான் சைக்கிள் பழுதுபார்ப்பவள்.
வோபெ தீவுப் படகின் இயந்திர அறையில்
இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு.
ஓய்வில் இங்கே வந்து
தன் காப்பியைத் தானே போட்டுக்கொள்கிறான்.
எதற்கு இந்தக் கிரகங்கள் என்று
அவன் மனைவி ஃப்ரௌக்யே கேட்டபோது
இருவருக்கும் பதில் வரவில்லை.

தண்டு வளைந்திருக்கும் என்றான் அவன்.
கண்ணாடி மேல் உருட்டினோம், நேராக உருண்டது.
அச்சுகள் நெருங்கிவிட்டன என்றேன் நான்.
பற்களுக்கு நடுவே சிகரெட் தாளை விட்டோம்,
மடிப்பு மடிப்பாய்
கிழியாமல் மறுபக்கம் வந்தது.

சின்னச் சக்கரத்தில் கோளாறென்றால்
கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் இடறும்.
பெரியதில் என்றால்
செவ்வாயின் ஒவ்வொரு ஆண்டுக்கும்.
இது இரண்டிலும் சேரவில்லை.
கடன்காரன்போல நினைத்தபோது வரும்,
கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் வராது.

வோபெதான் கவனித்தான்.
நிற்கும்போதெல்லாம்
பூமி ஜன்னலோரம், செவ்வாய் அடுப்போரம்.
வியாழன் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறெங்கோ,
சம்பந்தமில்லாதவன்போல.

எண்ணினோம்.
சுற்றுக்கு ஒரு நட்டைத் தகரடப்பாவில் போட்டான்.
டிங்.
நாற்பதில் மழை வந்தது.
அறுபதில் தோள் வலித்துக் கை மாற்றினேன்.
எழுபத்தொன்பதில் நின்றது.
உந்தித் தாண்டி, மறுபடி
எழுபத்தொன்பதில்.
என் எண்ணிக்கையை நம்பாமல்
டப்பாவைக் கவிழ்த்து எண்ணினான்.

பூமியோடு சுழல்வதில் நாற்பத்திரண்டு பல்,
செவ்வாயினுடையதில் எழுபத்தொன்பது.
இரண்டையும் பொதுவாய் வகுக்க எண் கிடையாது.
ஆகவே ஒவ்வொரு பல்லும்
எதிர்ச்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும்
சந்தித்தே தீரும், ஒருமுறை.
பிறகு எழுபத்தொன்பது ஆண்டு கழித்து.

விளக்கைத் தாழ்த்திப் பார்த்தோம்.
சின்னதில் ஒரு பல், நுனியில் பிசிறு.
பெரியதில் ஒரு பல், இடுப்பில் மயிரிழை பருமன்.
தனித்தனியே நல்ல பற்கள்தான்,
மற்ற எல்லாரோடும் ஒத்துப்போகிறவை.

எண்பது வெட்டியிருக்கலாம் என்றான் வோபெ.
எண்பதும் நாற்பத்திரண்டும் என்றால்
ஒரு பல் எதிரிலுள்ளவற்றில் பாதியைப்
பார்க்காமலே காலம் தள்ளும்.
இந்த இரண்டும் தப்பியிருக்கக்கூடும்.
ஆனால் செவ்வாய்
சுற்றுக்கு ஒன்பது நாள் பொய் சொல்லும்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
பல் கூடினாலும்தான்.

எதை அராவுவது?
பிசிறை எடுத்தால் போதும், எனக்கே தெரியும்.
இரண்டையும் அராவினேன்,
தலா மூன்று இழுப்பு.
ஒன்றை மட்டும் தண்டிக்க
என்னவோ மனம் வரவில்லை.
வோபெ ஒன்றும் சொல்லாமல்
பித்தளைத் தூளை ஊதினான்.

மறுபடி சுற்றினேன், பத்தரை நிமிடம்.
எழுபத்தாறு.
எழுபத்தேழு.
அந்த இடம் நெருங்க நெருங்க
கை தானாகவே மெதுவானது,
குறுகிய பாலத்தில் எதிரே வருபவருக்கு
சைக்கிளை ஒதுக்குவதுபோல.
டிங்.
எண்பது என்றான் வோபெ.
கடந்ததே தெரியவில்லை.

அப்போது வியாழனுக்குப் பின்னால் எங்கோ
டிக் என்று ஒரு சத்தம்.
இருவர் காதிலும் விழுந்தது.
அவனுக்கு நாளை காலை படகு.
மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு
நட்டுகளை மேசையில் கொட்டி,
காலி டப்பாவை
என் பக்கம் தள்ளினான்.