மூன்று

குருநகர் கடற்றொழிலாளர் சங்கத் தேர்தலில்
இம்முறை பெட்டியில்லை, புள்ளடியில்லை.
போனில் பெருவிரல் வைத்தால் சரி.

"பிளாக்செயின் அண்ணை.
ஒரு கண்ணியில கைவைச்சா
மிச்சமெல்லாம் காட்டிக்குடுக்கும்"
என்றாள் கணினி படித்த டிலக்சனா.
"வலை மாதிரியோ?" என்றார் பொலிக்காப்பு.
"வலையெண்டா முக்கால்வாசி ஓட்டைதானே பிள்ளை."

இரவு ஏழரைக்கு முடிவு.
பொலிக்காப்புக்கு மூன்று.
மூன்றில் ஒன்று அவருடையது.
அழிக்க ஏலாது, திருத்த ஏலாது,
பதினொரு கணினியிலும் அதே மூன்று.

ஜெற்றியடியில்
ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.
ஒவ்வொருத்தராய்ப் போய்ச் சொன்னார்கள்:
"நான் உங்களுக்குத்தான் போட்டனான்."

எட்டாவது ஆளாய் நானும் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தார்.
"ஓமடா தம்பி,
அது எனக்குத் தெரியும்."

எந்தச் சங்கிலியிலும்
அது ஏறவில்லை.