பிலோ பதினெட்டு, மூன்று பெட்டிகள்

பீடோர் பாட்மிண்டன் மண்டபத்தில்
கோடு அழிந்த சிமெண்டுத் தரைமேல்
மூன்றையும் வரிசையாக வைத்தோம்.
கோலாலம்பூரிலிருந்து வந்த டெரிக் லோ
சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.
கண் பார்த்தால் காது பொய் சொல்லுமாம்.
காசு கொடுக்கப்போகிறவர் சொன்னால் சரிதான்.

முதலாவது என்னுடையது.
செம்பனை ஆலையில் சார்ஜ்மேன் வேலை பிலோமினாவுக்கு.
பெண்ணுக்கும் சான்றிதழில் அதே பேர்தான்.
ஷிப்டு இல்லாத இரவுகளில் கட்டினாள்.
பழைய இரும்புக்கடையில் கிலோவுக்கு எடுத்த டிரான்ஸ்பார்மர்,
ஒரு ஆட்டுக்குட்டி கனம்.
முகப்பில் நகச்சாயத்தில் எழுதிய பெயர்;
எட்டு கொஞ்சம் சரிந்து படுத்திருக்கும்.
சுவிட்சைப் போட்டு நாற்பது எண்ணினால்தான்
வால்வு சிவந்து
பேச ஆரம்பிக்கும்.

இரண்டாவதில்
ரெக்டிபையர் வால்வைக் கழற்றிவிட்டு டயோடு வைத்தாள்.
தட்டியதும் விழித்துக்கொள்ளும்.
விரல் வழுக்கினால் அதையும்
ஊருக்குச் சொல்லிவிடும்.
தாப்பா சர்ச்சுப் பையன்கள் ஒரு மாதம் வைத்திருந்து
திருப்பிக் கொண்டுவந்தார்கள்:
"ரொம்ப நேர்மையா இருக்கு, அக்கா."

மூன்றாவது இந்த வருடத்துப் பெட்டி.
மறுபடி வால்வு, கூடவே ஒரு சோக்,
கப்பலில் வந்த ஸ்பீக்கர், தோல் கைப்பிடி,
ஆறாயிரம் வெள்ளி.
இரைச்சல் துளியும் கிடையாது.
அந்தத் துளியில்தான் உயிர் இருந்தது என்று
சாப்பாட்டுக் கடையில், லோரி ஷெட்டில்,
எடைமேடை வரிசையில் பழக்குலைகளோடு நிற்கும்போது
எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

மதியம் மூன்று மணி.
ஒரே கிட்டார். ஒரே ஒயர். ஒரே நாலு கார்டு.
"ஒண்ணும் மூணும் ஒரே குரல்" என்றார் டெரிக்,
"ரெண்டு மட்டும் செருப்புக்குள்ள கல்லு."
பட்டணத்துக் காது, சிரித்தேன்.
"அப்ப நீங்க வந்து உட்காருங்க."

உட்கார்ந்தேன்.
சுவரில் ஒரு பல்லி,
வாலில்லாமல், என்னைப்போலவே கவனமாக.
பிலோமினா வாசித்தாள்.
அவளுக்குத் தெரிந்தது ஈ மைனர் ஒன்றுதான்;
கட்டிய பதினோரு பெட்டியையும்
அதை வைத்தே சோதித்தவள்.
"இது என்னோடது" என்றேன். மூன்றாவது.
"இப்ப இதுதான்." மறுபடி மூன்றாவது.
"சத்தியமா இது."
டயோடு.

அவள் சிரித்திருந்தால் தேவலை.

வாத்து மீ சாப்பிடப் போனோம்.
டெரிக் விலை பேசாமல் எலும்பைப் பொறுக்கினார்.
நான் பேசவே இல்லை.
திரும்பும்போது ஏழு தாண்டியிருந்தது,
பாசார் மாலாம் விளக்குகள் எரிய,
கடைத்தெரு முழுக்க ஏர்கண்டிஷன் உறும,
மண்டபத்து டியூப்லைட் கொஞ்சம் பழுத்திருந்தது.
பெட்டிகளை எடுத்துவைக்கும் முன்
சும்மா ஒரு தடவை மீட்டினேன்.

அது வந்தது.
ஓரம் கருகாமல் நடுவில் இளகி
ஒரு சுரம் அடுத்ததன் தோளில் சாய்கிற
அந்தச் சத்தம்.
முதலாவதில். மூன்றாவதில்.
கல் மாதிரி இருந்த இரண்டாவதும்
கஞ்சி குடித்தவன்போல் தணிந்திருந்தது.

பிலோமினா சுவர்ப் பிளக்கில் மீட்டரைச் செருகினாள்.
மதியம் இருநூற்று நாற்பது.
இப்போது இருநூற்றுப் பதினாறு.
"லைனோட கடைசி முனை இது.
கல்யாணமெல்லாம் நீ ராத்திரிதானே வாசிச்ச?"

பதினோரு வருடம் நான் புகழ்ந்தது
அவள் பற்றவைப்பையுமல்ல,
என் விரலையுமல்ல.
ஊரே ஒரே நேரத்தில் சுவிட்சைத் தட்டியதில்
வால்வுக்கு மூச்சு வாங்கியது.

"இந்தக் கரண்டை நான் எப்படிக் கோலாலம்பூர் கொண்டுபோக?"
டெரிக் நிஜமாகவே கேட்டார்.
"குறைக்கிறதுக்கு ஒரு பெட்டி இருக்கு,
நானூறு வெள்ளி" என்றாள், முகம் மாறாமல்.
அதையும் இரண்டாவதையும் வாங்கிப் போனார்.
நேர்மையைப் பாதி விலைக்குக் கொடுத்தாள்.

என்னுடையதை லோரியின் முன்சீட்டில் வைத்து
பெல்ட் போட்டுவிட்டேன்.
மறுநாள் மதியம் வீட்டில் மாட்டினேன்,
நாற்பது எண்ணினேன்.
கறாராக இருந்தது. புதுசாக வந்த டீச்சர் மாதிரி.
தப்பு செய்த இடமெல்லாம் கேட்டது.
ஒரு மணி நேரம் வாசித்தேன்.

எது நல்லது என்று யாராவது கேட்டால்
இன்னும் முதலாவது என்றுதான் சொல்கிறேன்.
எத்தனை மணிக்கு என்று
அவர்களும் கேட்பதில்லை.