என்ன கறுப்பு?

என்னிடம் பதினோரு தூண்டில் கழிகள்.
இரண்டு கைக்கு எதற்குப் பதினொன்று என்று டாம்ரா கேட்டபோது
ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.
இது பாறைக்கு. இது பாசிக்கு.
இது மேகம் மூடிய நாளுக்கு.
இது, மேகம் மூடும் என்று ரேடியோவில் சொல்லி
மூடாமல் போகிற நாளுக்கு.

ரப்பர் புழுக்கள் நிறவாரியாகத் தனிப் பெட்டியில்.
பூசணிப் பச்சை. பூசணிப் பச்சையில் கறுப்புத் தூள்.
தர்பூசணி. தர்பூசணியில் சிவப்புத் தூள்.
கென்டக்கியில் எந்த ஏரியிலும்
ஒரு பாஸ் மீன் தர்பூசணி தின்று
நான் பார்த்ததில்லை.
ஆனாலும் அந்தச் சிவப்புத் தீர்ந்துபோனால்
எனக்குத் தூக்கம் வராது.

ஏப்ரலின் கடைசிச் சனிக்கிழமை,
இன்னும் விடியவில்லை.
ஸ்டாம்பர் வளைவில் டிரக்கை நிறுத்திப்
பின்கதவைத் திறந்தேன்.
ஸ்டெப்னி டயர், நாயின் போர்வை,
நேற்றைய மழையில் கொஞ்சம்.
வேறொன்றும் இல்லை.
பெட்டிகள் அத்தனையும் வீட்டு கராஜில், கதவோரம்,
பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்போல
வரிசையாக நின்றுகொண்டிருக்கும்.
நாற்பது மைல்.

சீட்டுக்குப் பின்னால் துழாவினேன்.
மகளின் பழைய கழி அகப்பட்டது,
கைப்பிடியில் ஊதா டால்பின் ஸ்டிக்கர்.
கதவுப் பையில் ஒரு முள்,
பட்டாணியளவு ஈயம்,
பாதி பாக்கெட் கறுப்புப் புழு.
வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
ஒன்றில் ஏற்கெனவே பல் தடம்.

ஹாலிஸ் கிரேவெட் அப்போதுதான் படகை இறக்கினான்.
டயர் ஆலையில் எனக்கு அடுத்த ஷிஃப்ட்.
அவன் படகில் மூன்று திரைகள்.
ஏரியின் வயிற்றுக்குள் எல்லாம் தெரியும்,
மீன் எங்கே, எத்தனை,
எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதுவரை.
"ஏறுகிறாயா?" என்றான்.
இல்லை என்று தலையாட்டினேன்.
வெட்கம்தான். டால்பினைக் கையால் மறைத்திருந்தேன்.

கரையோரமாக நடந்தேன்.
சைக்கமோர் மரம் ஒன்று வேரோடு சரிந்து
தண்ணீருக்குள் தலை வைத்துக் கிடந்தது.
எறிந்தேன்.
மாற்ற எதுவும் இல்லாததால்
எதையும் மாற்றவில்லை.
ஈயம் அடியைத் தொட்டது. தங்கூஸ் தொய்ந்தது.
மெல்ல இழுத்தேன்.
கிளை.
கிளை தாண்டிச் சேறு.
சேற்றில் ஒரு கல்.
பதினெட்டு வருஷமாக இங்கே வருகிறேன்,
அங்கே கல் இருப்பது தெரியாது.

பிறகு அந்தக் கல் நகர்ந்தது.

நாலு பவுண்டு இருக்கும்.
தராசும் கராஜில்தான்.
கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கினேன்,
என் முஷ்டியே உள்ளே போகும் போலிருந்தது.
அந்த வாய்க்குத்
தவளை, நண்டு, தவறி விழுந்த வாத்துக்குஞ்சு
எல்லாம் ஒரே நிறம்:
உள்ளே போகக்கூடிய நிறம்.
இதற்கா இத்தனை காலம்
தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டேன்?
தண்ணீரில் விட்டேன்.
வாலால் என் முகத்தில் ஒரு அடி அடித்துவிட்டுப் போனது.

இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்று நழுவியது.
தலை கிழிந்த புழுவைத் திருப்பி
வால் பக்கமாகக் குத்திப் போட்டேன்,
அதற்கும் ஒன்று வந்தது.

பத்து மணிக்கு ஹாலிஸ் மோட்டாரை அணைத்துக் கரைப்பக்கம் வந்தான்.
அவன் திரையில் மீன்கள் இன்னும்
அசையாமல் நின்றிருந்தன.
"எதில் கடித்தது?"
"கறுப்பு."
"என்ன கறுப்பு?"
"கறுப்பு."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
சரி, சொல்லாவிட்டால் போ, என்று முகம் திருப்பிக்கொண்டான்.

வரும் வழியில் பெட்ரோல் பங்குக் கடையில்
கறுப்புப் புழு நாலு பாக்கெட் வாங்கினேன்.
மூன்று வெறும் கறுப்பு.
நாலாவதில் மட்டும் லேசாக நீலத் தூள்.
சும்மா.
மேகம் மூடிய நாளுக்கு.