ஓரக்குறிப்பு

கறையான் தின்ற மிச்சத்தைப்
பிரதி எடுக்கச் சொன்னார்கள்.
ஓரக்குறிப்புகள் வேண்டாம் என்றார்கள்.
புளியந்தீவு. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம்.
எல்லாம் ஒரே கையெழுத்து:
எட்வின் தோர்ன்லி, போதகர்.

ஐம்பத்தொன்பதில் தோணியால் இறங்கியவர்.
யாழ்ப்பாணத்து முன்ஷியிடம் படித்த தமிழ்.
முதல் பிரசங்கத்தில்
பின் வாங்கில் யாரோ சிரித்திருக்க வேண்டும்;
அன்றைய தேதிக்குப் பக்கத்தில்
பொடி எழுத்தில் இருக்கிறது:
'பிறகு' அல்ல, இங்கே 'மறுகா'.

பத்தொன்பது வருடத்தில்
ஞானஸ்நானம் முப்பத்தேழு.
கொழும்பு அத்தியட்சருக்கு அது காணாது.
வந்த கண்டனக் கடிதத்தைக் கிழித்து
ஏட்டின் முதுகுக்கு ஒட்டுப்போட்டிருக்கிறார்.
பசை இன்னும் விடவில்லை.

அறுபத்தாறில் வாந்திபேதி.
அடக்கப் பக்கம் நிரம்பி விளிம்பில் ஏறுகிறது.
சபையார் அல்லாதவர்களும்.
கல்லடித் துறை ஓடக்காரன், பெயர் தெரியாது.
ஆரையம்பதிப் பெண், மடியில் சாவிக்கொத்து.
வேதம் எதுவென்ற கட்டத்தில்
ஒரு கோடுகூட இல்லை.

அதே மாதம்
மேரி ஆன் தோர்ன்லி, வயது நாலு.
மை ஒற்றாமல் ஏட்டை மூடிவிட்டார்.
எதிர்ப்பக்கத்தில் மகள்
இடம் வலமாய்ப் படிந்து கிடக்கிறாள்.
இதை எந்தக் கட்டத்தில் பிரதி எடுப்பது?

எழுபத்தெட்டில் எழுத்து மாறுகிறது.
புதியவருக்கு அழகான கை:
தோர்ன்லி, வயது ஐம்பத்திரண்டு, சுரம்.
ஓரம் சுத்தமாய் இருந்தது.

பேனாவை மூடப் போனேன்.
மூடாமல்
என் பிரதியின் ஓரத்தில் எழுதினேன்:
மறுகா.