அரைப்பேர்

ஒரு கண்ணாடித் துண்டு போதும்.
பசையை அதில் கொஞ்சமாய் ஊற்றி
காலாவதியான டெலிபோன் கார்டால் ஒரே இழுப்பு.
தோசை மாவு மாதிரி இல்லை, அது தடிப்பு.
மூச்சு பட்ட கண்ணாடியில்
எவ்வளவு ஈரம் நிற்குமோ
அவ்வளவு.

பொன் கடதாசியை அதன்மேல் கவிழ்த்து
இரண்டு எண்ணி
சாவணத்தால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால்
ஒட்டிய உதடு பிரிகிற சத்தம் கேட்கும்.
கேட்காவிட்டால் பசை கூடிப்போயிற்று என்று அர்த்தம்.

ஹட்டனில் மருந்துக்கடைக்கு மேல்மாடி எங்கள் கடை.
மல்லியப்பு சந்திப் பக்கமிருந்து பனிப்புகார் ஏறினால்
ஜன்னலை மூடிவிட வேண்டும்.
கடதாசி ஈரம் குடித்து
அப்பளம் போல் நெளியும்.
மேசை விளக்கைப் பதித்து வைத்துக்கொண்டு
நானும் அட்டைகளும்
குளிர்காய்வோம்.

இந்தக் கிழமை
கிங்ஸ்லி – வசந்தமலர்.
நூற்றைம்பது அட்டை.

மெஷின் கெட்டிக்காரன்தான்.
எல்லா எழுத்தையும் ஒரு தேயிலைக் கொடியில் கோத்து
கிளையும் கொழுந்துமாய்
ஒரே துண்டாக வெட்டித் தருகிறான்.
புள்ளிகளை மட்டும் கோக்கத் தெரியவில்லை அவனுக்கு.
ங் தலையிலிருந்து, ஸ் தலையிலிருந்து
ந், ர் தலைகளிலிருந்து
உதிர்ந்து விழுகின்றன,
அட்டைக்கு நாலு.

சித்தாலேப டப்பி மூடியில் சேர்த்தேன்.
அறுநூறு.
தும்மக்கூடாது.

சாவணத்துக்குப் புள்ளி அகப்படாது, துள்ளிவிடும்.
ஈர்க்கு நுனியை நாக்கில் தொட்டு எடுத்தேன்.
புள்ளிக்குப் பசை பூசவும் முடியாது.
குண்டூசித் தலையால் அட்டையில் ஒரு துளி வைத்து
பசை இருக்கிற இடத்துக்கு
புள்ளியைக் கூட்டிப்போக வேண்டும்.

வழிந்தால் துடைக்கவே கூடாது.
துடைத்தால் பொன் மேல் மேகம் படியும்.
பொறுத்திருந்தால்
பால் வெள்ளை மெல்ல மெல்லத் தெளியும்.
பிறகு அழிறப்பரால் உருட்டி எடுத்தால்
நடந்தது எதுவும் நடக்கவில்லை.

புள்ளி வைக்காத அட்டையை
ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன்.
கிஙஸலி. வசநதமலர.
சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது.

தோட்டத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது.
தராசில் இரண்டு கிலோ குறைந்தால்
அம்மாவுக்கு அன்றைக்கு அரைப்பேர்.
நின்றது முழுநாள், நனைந்தது முழுநாள்,
அட்டை கடித்ததும் முழுக் காலில்தான்.
செக்ரோலில் மட்டும் அரை.

ஆறு மணிக்கு மூடி காலி.
கடைசி அட்டையில் ர தலை மொட்டையாய் நிற்கிறது.
கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன்,
நாற்காலிக்கு அடியில் ஊர்ந்து பார்த்தேன்,
கூட்டிய குப்பையை மறுபடி கொட்டிப் பார்த்தேன்.

"விடுங்க தங்கச்சி, யாரு புள்ளி எண்ணப் போறா"
என்றார் ஜெயசீலன், சாவிக்கொத்தை ஆட்டியபடி.
அவர் சொன்னது சரிதான்.
யாரோ ஒரு மாமி
தேதியையும் மண்டபத்தையும் மட்டும் பார்த்துவிட்டு
அலுமாரியில் செருகுவார்.

அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்தேன்.
கொப்பியில் 149 என்று நானே எழுதினேன்.

பொகவந்தலாவை பஸ்ஸில் நிற்க இடமில்லை.
நோர்வூட் தாண்டி
தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குட்டி
கண் விழித்து என்னையே பார்த்தாள்.
பிறகு விரல் நீட்டி
"அம்மா, அந்த அன்ரிக்கு
மூக்குத்தி கன்னத்துல" என்றாள்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
கையால் தடவப் போய்
சட்டென்று நிறுத்தினேன்.
தடவினால் போய்விடும்.
விரல் நுனியை நாக்கில் தொட்டேன்,
ஈர்க்கைத் தொட்டது போல.

வந்தது.
வளைவில் பஸ் சாய, எல்லாரும் சாய,
விரலை மட்டும் நேராய்ப் பிடித்தபடி
மற்றக் கையால் டிக்கட்டை மடித்தேன்.
ர்,
என்று சொல்லிப் பார்த்தேன்,
எஞ்சின் சத்தத்துக்குள்
யாருக்கும் கேட்காமல்.